ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்கு யார் காவல்?

1985 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில் ராஜீவ் காந்தியின் அரசு நான்கு சமாதான ஒப்பந்தங்களைச் செய்தது. 1985 ஜூலை 24 அன்று அகாலி தளத் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவாலுடன் பஞ்சாப் ஒப்பந்தம். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று அசாம் ஒப்பந்தம். 1986 ஜூன் 30 அன்று மிசோ ஒப்பந்தம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில், இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுடன் இந்திய-இலங்கை ஒப்பந்தம். இவற்றில் மிசோ ஒப்பந்தம் மட்டுமே சண்டையை மெய்யாக முடித்துவைத்தது. கையெழுத்திட்டு ஒரு மாதம் ஆவதற்குள் லோங்கோவால் சுட்டுக் கொல்லப்பட்டார். அசாமில் உல்ஃபா இயக்கம் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் பெரிதாக வளர்ந்தது. இலங்கையிலோ, ஒப்பந்தத்துக்கு முந்தைய நான்காண்டுப் போரில் செத்தவர்களைவிடப் பிந்தைய மூன்றாண்டுகளில் செத்தவர்கள் பல மடங்கு.

ஒரே பிரதமர், ஒரே டெல்லி. அப்படியிருக்க, மிசோரமின் ஐஸாலில் ஓய்ந்த துப்பாக்கி யாழ்ப்பாணத்தில் ஏன் ஓயவில்லை? சமாதானம் கையெழுத்தான பிறகும் ஒரு நாட்டில் ரத்தம் சிந்துவது ஏன் என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். நமக்கு அந்த ஆராய்ச்சியைத் தொடங்க வீட்டுப் பக்கத்திலேயே நான்கு சான்றுகள் கிடக்கின்றன.

இதை ராபர்ட்சன்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து கோலார் தங்கவயலின் பாதாளத்தில் இறங்கியவர்களுடைய பேரன் பேத்திகளின் ஊர் இது. ஊருக்குள் தமிழர்கள் பெருங்கூட்டம், மாநிலத்தில் சிறுபான்மை. இலங்கைப் பேச்சு எழுந்தால் இங்கே இன்றும் ஒரு கேள்வி வரும்: “ஒப்பந்தந்தான் போட்டாச்சே, அப்புறம் ஏன் அடிச்சிக்கிட்டாங்க?” கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறும். ஒருவர் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் பிடிவாதம் என்பார், இன்னொருவர் ஜெயவர்த்தனாவின் சூழ்ச்சி என்பார், மூன்றாமவர் ராஜீவின் அனுபவக் குறைவு என்பார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தலைவர்களின் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. வட அயர்லாந்திலும் கொலம்பியாவிலும் எல் சால்வடாரிலும் முற்றிலும் வேறு குணமுள்ள தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அங்கும் கையெழுத்துக்குப் பிறகு ரத்தம் சிந்தியது.

அரசியல் அறிஞர் பார்பரா வால்டர் 1997இல் எழுதிய ஓர் ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வருவது நாம் நினைக்கிற அளவுக்குக் கடினமல்ல என்பது அவர் வாதம். உடன்பட்ட பிறகு வருவதுதான் கடினம். இரு நாடுகள் சண்டையை நிறுத்தினால் அவரவர் படையோடு அவரவர் எல்லைக்குத் திரும்பிவிடலாம். உள்நாட்டுப் போரில் அது முடியாது. ஒரு தரப்பு ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு, நேற்றுவரை தன்னைக் கொல்லத் துரத்திய தரப்பின் ஆட்சிக்குக் கீழேயே வாழ வேண்டும். ஆகவே ஆயுதத்தைக் கீழே வைக்கிற கணம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் கணம். அந்தக் கணத்தில் அவனுடைய உயிருக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஒப்பந்தத்தில் விடை இல்லையென்றால், அதன் மற்றப் பிரிவுகள் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. மேலே சொன்ன நான்கு ஒப்பந்தங்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

மிசோரமிலிருந்து தொடங்குவோம். 1966இல் லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி தனிநாடு கேட்டு எழுந்தது. அந்த மார்ச் மாதம் இந்திய விமானப்படை ஐஸால் நகரத்தின் மீதே குண்டு வீசியது. மலைக் கிராமங்களை எரித்துவிட்டு மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் கூட்டி அடைத்தார்கள். இருபதாண்டுச் சண்டை அது. மன்னிக்க ஒரு காரணமும் இல்லாத வரலாறு. இருந்தும் 1986இல் அது முடிந்தது. ஒப்பந்தத்தில் லால்டெங்காவே கையெழுத்திட்டார். அதாவது துப்பாக்கிக்குச் சொந்தக்காரரே கையெழுத்திட்டார். அன்று முதல்வராக இருந்தவர் காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா. அவர் பதவி விலகித் துணை முதல்வராக அமர்ந்தார். 1986 ஆகஸ்டில் லால்டெங்கா முதல்வரானார். நேற்றுவரை தேடப்பட்டவரின் கைக்கு ஆட்சி வந்தது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலமானது. மிசோக்களின் நிலவுரிமையிலும் வழமைச் சட்டத்திலும் நாடாளுமன்றம் நினைத்தபடி கை வைக்க முடியாத பாதுகாப்பை அரசமைப்பின் 371ஜி பிரிவு கொடுத்தது.

இந்த ஒப்பந்தத்துக்கு மெய்யான சோதனை வந்தது 1988இல். கட்சித் தாவலால் லால்டெங்காவின் ஆட்சி கவிழ்ந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. காட்டுக்குத் திரும்ப அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அவருடைய ஆட்கள் திரும்பவில்லை. பத்தாண்டு பொறுத்திருந்து 1998 தேர்தலில் வென்றார்கள். முன்னாள் கெரில்லாவான சோரம்தங்கா முதல்வரானார். அங்கேயும் ஒப்பந்தத்தில் இடம் பெறாமல் போன ஹ்மார் மக்கள் 1987இல் ஆயுதம் எடுத்தார்கள், 1994இல் அவர்களுடன் தனியாக ஓர் உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. விடுபட்டவர் கையில் துப்பாக்கி முளைக்கும் என்பதற்கு மிசோரமும் விலக்காக இருக்கவில்லை.

பஞ்சாபில் கையெழுத்திட்ட லோங்கோவாலிடம் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களின் கையெழுத்து அந்தத் தாளில் இல்லை. 1986 ஜனவரி 26 அன்று சண்டிகரைப் பஞ்சாபிடம் ஒப்படைப்பதாக எழுதப்பட்டிருந்தது, இன்றுவரை ஒப்படைக்கவில்லை. உயிரைக் கொடுத்தவருக்கு அந்த ஒரு நகரத்தைக்கூடக் கொடுக்கவில்லை என்றால், அடுத்து யார் பேச வருவார்? அசாமின் கதை வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாணவர் தலைவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஆனால் அசாமியருக்குக் கிடைத்தது போடோ பழங்குடியினருக்குக் கிடைக்கவில்லை. 1987இல் அவர்களுடைய தனி மாநிலக் கிளர்ச்சி தொடங்கியது. 1993, 2003, 2020 என்று போடோக்களுடன் மட்டும் மூன்று ஒப்பந்தங்கள் ஆகிவிட்டன.

இனி இலங்கைக்கு வருவோம். கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பலரும் வடக்கு-கிழக்கு இணைப்புக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கண் நிற்பது அதன் 2.9, 2.10 பிரிவுகளில். கையெழுத்திட்ட 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும். அடுத்த 72 மணி நேரத்துக்குள் எல்லா இயக்கங்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அதுவும் இலங்கை அரசு நியமிக்கும் அதிகாரிகளிடம். ராணுவம் 1987 மே 25 அன்று இருந்த முகாம்களுக்குத் திரும்ப வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த வீடுகளையும் நான்காண்டுப் போரையும் கடந்து வந்த மக்களிடம் ஐந்தே நாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொன்னது இந்தப் பிரிவு. அடுத்த பிரிவு இன்னும் மோசம். வடக்கு-கிழக்கில் சட்டம் ஒழுங்கைக் காக்க, நாட்டின் மற்றப் பகுதிகளில் உள்ள அதே அமைப்புகளையே அரசு பயன்படுத்தும் என்கிறது அது. யாழ்ப்பாணத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றே. 1981இல் யாழ் பொதுநூலகம் எரிந்த இரவில் ஊருக்குள் வெறியாட்டம் ஆடிய அதே போலீஸ் திரும்பி வரும்.

ஒப்பந்தத்தில் புலிகளின் கையெழுத்து இல்லை. எந்தத் தமிழ் இயக்கத்தின் கையெழுத்தும் இல்லை. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பிரபாகரன் பேசினார். ஆயுதத்தை ஒப்படைப்பது தமிழ் மக்களைக் காக்கும் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைப்பதாகும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். மறுநாள் பலாலியில் புலிகள் தரப்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை இலங்கைப் பாதுகாப்புச் செயலாளரிடம் கொடுத்தார். செப்டம்பர் 15 அன்று நல்லூரில் திலீபன் உண்ணாவிரதம் தொடங்கினார். அவருடைய ஐந்து கோரிக்கைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தனிநாடு அவற்றில் இல்லை. புதிய போலீஸ் நிலையங்களைத் திறக்காதே, ஊர்க்காவல் படையின் ஆயுதங்களைப் பறி, கைதிகளை விடு, பள்ளிகளிலிருந்து படையை எடு, குடியேற்றத்தை நிறுத்து: பெரும்பாலும் யாருக்கு யார் காவல் என்ற கேள்விகள். தண்ணீர்கூடக் குடிக்காமல் செப்டம்பர் 26 அன்று அவர் இறந்தார்.

அதன்பின் எல்லாம் சரிந்த மூன்று நாட்கள் வந்தன. அக்டோபர் 3 அன்று பருத்தித்துறைக் கடலில் ஒரு படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. அதில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் புலிகள் 17 பேர் இருந்தார்கள். அவர்களைப் பலாலி விமானத்தளத்தில் வைத்தார்கள். ஒப்பந்தத்தின்படி வந்திருந்த இந்தியப் படையும் அங்கே இருந்தது. ஒப்பந்தத்தின் பொதுமன்னிப்பு இவர்களுக்கு உண்டு என்றது ஒரு தரப்பு. ஆயுதம் கடத்தினார்கள், புலேந்திரன் அந்த ஏப்ரலில் ஹபரணைக்கு அருகே பேருந்துப் பயணிகளைக் கொன்ற வழக்கில் தேடப்படுபவர் என்றது கொழும்பு. இவர்களை விசாரணைக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோவதில் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி உறுதியாக நின்றார். இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் தடுக்க முயன்றார், முடியவில்லை. இந்தியக் காவல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அக்டோபர் 5 அன்று 17 பேரும் சயனைடு கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள்.

சமாதானத்துக்கு உத்தரவாதம் தருவதாக எழுதிக் கொடுத்த நாட்டின் படை பக்கத்தில் நிற்கையிலேயே, பிடிபட்ட 17 பேரை அதனால் காப்பாற்ற முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீடும் அதைத் தன் கதையாகவே வாசித்தது. அடுத்த நாட்களில் புலிகள் செய்ததற்கோ எந்த நியாயமும் இல்லை. தங்களிடம் கைதியாக இருந்த இலங்கைப் படையினரைக் கொன்றார்கள். கிழக்கில் ஒன்றுமறியாத சிங்களக் குடும்பங்களை வெட்டியும் சுட்டும் எரித்தும் கொன்றார்கள். அக்டோபர் 10 அன்று இந்தியப் படை யாழ்ப்பாணத்தின் மீது தாக்குதல் தொடங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் ஊழியர்களும் நோயாளிகளுமாகச் சுமார் 70 பேர் செத்தார்கள்.

ஜூலை 30 அன்று மாலை போட்டு வரவேற்ற படையோடு பத்து வாரத்தில் போர். தங்கவயல் வாசகர்களுக்கு இதில் ஒரு தனி வலி உண்டு. நவம்பர் 25 அன்று கந்தரோடையில் சண்டையிட்டு மாண்டு பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர். அவருடைய படை மஹார் ரெஜிமென்ட். அம்பேத்கரின் இடைவிடாத வற்புறுத்தலால் 1941இல் மீண்டும் எழுந்த படை அது. அம்பேத்கர் சிலைக்கு மாலை போடாமல் ஆண்டு கழியாத இந்த ஊரில், அந்தப் படையின் தமிழ் அதிகாரி தமிழர்களோடு மோதிச் செத்ததைச் சொல்லும்போது எந்தப் பக்கம் நின்று அழுவது என்று தெரியவில்லை.

பார்பரா வால்டரின் விளக்கம் முழுதாகப் போதாமல் போகும் இடம் இது. வெளியிலிருந்து ஒரு வலிய நாடு உத்தரவாதம் தந்தால் ஆயுதம் கீழே இறங்கும் என்கிறார் அவர். இலங்கையில் உத்தரவாதம் தர வந்த நாட்டுக்கு அங்கே சொந்தக் காரியங்கள் இருந்தன. ஒப்பந்தத்தோடு சேர்த்து மாற்றிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், அந்நிய வானொலி நிலையம் எல்லாம் வருகின்றன. 1983க்குப் பிறகு எல்லா இயக்கங்களுக்கும் பயிற்சி கொடுத்ததும் இதே இந்தியாதான். ஒருவனுக்கு ஆயுதம் கொடுத்துவிட்டு, பிறகு அதைப் பிடுங்க வந்து, அதற்காக அவனுடைய எதிரிக்கு ஆயுதம் கொடுத்த நாட்டை யார் நடுவராக ஏற்பார்? ஈபிஆர்எல்எஃப் போன்ற மற்றத் தமிழ் இயக்கங்கள் இந்தியப் படையின் துணைப்படை ஆயின. முகமூடி போட்டு நிறுத்தப்பட்ட ‘தலையாட்டி’ ஒருவர் தலையை ஆட்டினால் போதும், வரிசையில் நின்ற இளைஞன் போனான். யாழ்ப்பாணத்தில் ‘மண்டையன் குழு’ என்று மக்கள் பெயர் வைத்த கும்பல் இரவில் வீடு புகுந்தது. பின்னர் தமிழ் தேசிய ராணுவம் என்ற பெயரில் பள்ளிப் பையன்களை ரோட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போனபோது ஊர் அதைப் ‘பிள்ளைபிடி’ என்றது.

இந்த வன்முறையில் இன்னொன்றும் கலந்திருந்தது. உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த ஸ்டாதிஸ் கலிவாஸ், கொள்கைக்காக நடப்பதாகத் தோன்றும் பல கொலைகளுக்கு அடியில் உள்ளூர்ப் பகை கிடக்கிறது என்று காட்டினார். நிலத் தகராறு, பழைய அவமானம், கடன் எல்லாம் அதில் சேரும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எந்த முகாமில் சொல்வது என்பது மட்டுமே மாறுகிறது. மேலே கையெழுத்திட்டவர்கள் கொழும்பிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். கீழே தெருவில் யாருக்கும் யாரோடும் ஒப்பந்தம் இல்லை.

இதை அந்த நாட்களிலேயே எழுதிவைத்த ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, நண்பர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதினார். இலங்கை ராணுவம், இந்தியப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யாரையும் அதில் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய தோழர்கள் எழுதினார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்கு மட்டுமா காவல் இல்லை? ஆயுதமே எடுக்காதவருக்கும் இல்லை.

வடக்கில் இப்படி இருக்க, ஒப்பந்தம் தெற்கில் இன்னொரு போரைக் கிளப்பிவிட்டது. கையெழுத்திட்ட மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரர் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். ஆகஸ்ட் 18 அன்று நாடாளுமன்றத்திலேயே ஜெயவர்த்தனாவின் கூட்டத்தில் குண்டு வீசப்பட்டது. சிங்கள இளைஞர் இயக்கமான ஜேவிபி, நாட்டை இந்தியாவுக்கு விற்றுவிட்டார்கள் என்று கிளம்பியது. அரசு ஊழியர்களையும் இடதுசாரிகளையும் ஆளுங்கட்சிக்காரர்களையும் கொன்றது. அரசு அதைவிடப் பல மடங்கு கொடூரமாகத் திருப்பி அடித்தது. ஆறுகளில் பிணம் மிதந்தது, ரோட்டோரம் டயரில் உடல்கள் எரிந்தன. 1989 நவம்பரில் ஜேவிபி தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டபோது, செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 40,000க்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். 60,000 என்பாரும் உண்டு. பெரும்பாலோர் சிங்கள இளைஞர்கள். ஒப்பந்தத்துக்குச் சொந்த மக்களைத் தயார் செய்யாமல், ஊரடங்கு போட்டுக்கொண்டு கையெழுத்திட்டதற்கு இது விலை. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை மறு ஏப்ரலில் பிக்குகளுக்குப் பயந்து கிழித்தார், மே மாதம் கலவரம். ஜெயவர்த்தனா எதிர்ப்பைக் கண்டு கிழிக்கவில்லை. எதிர்ப்பவர்களை ஒழிக்கத் துணிந்தார். அவருக்குப் பின் வந்த பிரேமதாச அதை முடித்தார்.

அதே பிரேமதாச, இந்தியப் படையை வெளியேற்றுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர் கப்பலேறினார். சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. ஜூன் 11 அன்று கிழக்கில் போலீஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தார்கள். சரணடையும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு போனது. ஆயுதத்தைக் கீழே வைத்த 600க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களில் இருந்தார்கள். பலாலியில் 1987இல் நடந்ததையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. இரு தரப்பும் ஒரே பாடத்தைக் கற்றன: கீழே வைத்தால் சாவு. எட்டு நாளில் சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈபிஆர்எல்எஃப் தலைவர் பத்மநாபா தோழர்களோடு கொல்லப்பட்டார். மறு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று கொலையாளிகளின் கடைசி முகாம் முடிந்த இடம் பெங்களூர்க் கோணனகுண்டே. எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய் வேலை செய்துவிட்டு இரவு திரும்பிவிடும் தூரம்.

2002 பிப்ரவரி 22 அன்று நார்வேயின் ஏற்பாட்டில் கையெழுத்தான போர்நிறுத்தமும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. அரசோடு இருந்த தமிழ் ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களைக் களைய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர்களின் உயிருக்குக் காவல் யார் என்று எழுதவில்லை. முன்னாள் இயக்கத்தவர்களையும் தகவல் சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களையும் மாற்றுக் கட்சிக்காரர்களையும் புலிகள் ஒவ்வொருவராகச் சுட்டார்கள். கண்காணிப்புக் குழுவில் இருந்த நார்டிக் நாட்டவர்களிடம் ஆயுதம் கிடையாது. மீறல்களைப் பதிவு செய்யலாம், தடுக்க முடியாது. 2007 வரை புலிகளின் பெயரில் 3,800க்கும் மேல், அரசின் பெயரில் 350 அளவில் மீறல்களைப் பதிவு செய்தார்கள். புலிகளின் கணக்கில் பெரும் பங்கு சிறுவர்களைப் படைக்குப் பிடித்தது. 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததும் அரசுத் தரப்புக்குத் தன் கையைக் காட்டாமல் கொல்ல ஒரு வழி கிடைத்தது.

கடல் கடந்தும் இதே கேள்வி நிற்கிறது. கொலம்பியாவில் 1980களின் சமாதானப் பேச்சிலிருந்து தேசபக்த ஒன்றியம் என்ற கட்சி பிறந்தது. துப்பாக்கியை விட்டு வாக்குப் பெட்டிக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். வந்தவர்களில் இரண்டு அதிபர் வேட்பாளர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். 6,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட இந்த அழிப்புக்கு அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2023இல் வெளியிட்ட தீர்ப்பில் கூறியது. கெரில்லாக்களோடு செய்த 2016 ஒப்பந்தத்துக்குப் பிறகு சுமார் 13,000 பேர் ஆயுதம் துறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். எல் சால்வடாரில் 1992இல் போர் முடிந்தது, கொலை முடியவில்லை. வேலையற்ற முன்னாள் போராளிகளும் அமெரிக்கா திருப்பியனுப்பிய இளைஞர்களும் எங்கும் கிடைத்த துப்பாக்கிகளும் சேர்ந்து அங்கே தெருக் கும்பல்களை வளர்த்தன. இலங்கையில் ராணுவத்திலிருந்து ஓடிப்போனவர்கள் கொழும்பின் கூலிக்கொலைக் கும்பல்களில் சேர்ந்ததும் இந்த வகை. துப்பாக்கி ஒன்றே பிழைப்பாக இருந்தவனுக்கு வேறு பிழைப்பு தராத சமாதானம் அவனை இன்னொருவனுக்கு விற்றுவிடுகிறது.

வட அயர்லாந்து நல்ல சான்று, அங்கே அவசரப்படவில்லை. 1998 ஏப்ரல் 10 அன்று ஒப்பந்தம். ஆகஸ்ட் 15 அன்று ஓமாவில் ஐஆர்ஏ இயக்கத்திலிருந்து பிரிந்த குழு வைத்த குண்டில் 29 பேர் செத்தார்கள். ஒப்பந்தம் கவிழவில்லை. ஐஆர்ஏ ஆயுதங்களைக் கைவிட்டு முடிக்க 2005 செப்டம்பர் ஆனது. கொழும்பில் ஐந்து நாள், பெல்ஃபாஸ்டில் ஏழாண்டு. அந்த ஏழாண்டுக்குள் அவர்கள் போலீஸை மாற்றினார்கள். கத்தோலிக்கர் பத்தில் ஒருவர்கூட இல்லாத பழைய காவல்படையின் பெயரையும் சின்னத்தையும் மாற்றினார்கள். 2001 முதல் புதிதாக எடுப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுப் பத்தாண்டு நடத்தினார்கள். 2007 ஜனவரியில் ஷின் ஃபெயின் கட்சி அந்த போலீஸை ஏற்றது. மே மாதம் இரு தரப்பின் கூட்டணி ஆட்சி மீண்டும் அமைந்தது.

மொழிச் சிறுபான்மையாக வாழ்பவருக்கு போலீஸ் என்பது வெறும் நிர்வாகத் துறை அல்ல. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். நீர்ப் பங்கீட்டுக்குச் சட்டப்படி ஒரு தாள் இருந்தது. தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் என்ன செய்வார் என்பதே அன்று உயிர்ப் பிரச்சினை. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குப் பிழைக்கப் போகும் ஆயிரக்கணக்கானோர், 2016 செப்டம்பரில் மறுபடி பேருந்துகள் எரிந்தபோது அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். இலங்கையோடு இதை அளவில் ஒப்பிட முடியாது. திலீபன் ஏன் போலீஸ் நிலையத்தைப் பற்றிப் பேசினார் என்பது இந்த ஊர்க்காரருக்குப் புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆயுதத்தைக் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே போலீஸை நம்பும்வரை ஒப்பந்தம் போர்நிறுத்தமாகவே இருக்கும் என்பது என் முடிவு. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் வந்த 13ஆவது திருத்தம் இன்றும் இலங்கை அரசமைப்பில் இருக்கிறது. மாகாணத்துக்குத் தனி போலீஸ் பிரிவு, அதற்கு மாகாணத்தவரே காவலர்கள், முதலமைச்சருக்குப் பதில் சொல்லும் தலைமை என்று ஒன்பதாவது அட்டவணையில் விரிவாக எழுதியிருக்கிறது. 1987க்குப் பிறகு வந்த எந்த அதிபரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. வட மாகாணத்துக்கு முதல் தனித் தேர்தல் 2013இல்தான் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தலை நடத்தாமல் ஆளுநரைக் கொண்டே ஆளத் தொடங்கினார்கள். இத்தனை ஆண்டுகளில் எந்த மாகாண சபையும் அந்த அட்டவணைப்படி ஒரு காவலரைக்கூட நியமித்ததில்லை.